அசல் சிடிக்குள் ஒளிந்திருந்த ரூட்கிட்: 2005 சோனி பிஎம்ஜி விவகாரம்

பழைய ஒலிநாடா எழுதியது:

நேற்று வேறொரு இழையில் ஒருவர், காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியால் கம்ப்யூட்டருக்கு எந்த ஆபத்தும் வராது, திருட்டுப் பிரதி தேடுகிறவர்களுக்குத்தான் வைரஸ் தொல்லை என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. 2005-ல் அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் வெளியிட்ட அசல் சிடிகளை வாங்கி விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டவர்களுக்குத்தான் ரூட்கிட் ஏறியது, அதாவது கம்ப்யூட்டருக்குள் புகுந்து கோப்புகளையும் நிரல்களையும் கண்ணில் படாமல் மறைக்கிற மென்பொருள். அதே பாட்டை இணையத்தில் திருட்டுத்தனமாக எம்பி3-யாக இறக்கியவருக்கு அது ஏறவில்லை.

கண்டுபிடிப்பு வெளியே வந்த நாள் 2005 அக்டோபர் 31. விண்டோஸ் கருவிகளுக்கான சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தை நடத்திக்கொண்டிருந்த மார்க் ருஸ்ஸினோவிச், தான் எழுதிய ரூட்கிட் ரிவீலர் என்ற கருவியைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார். அந்தக் கருவி செய்வது எளிமையான வேலை. என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று விண்டோஸிடம் கேட்டு ஒரு பட்டியல் எடுக்கும், அப்புறம் வன்தட்டை நேரடியாகப் படித்து இன்னொரு பட்டியல் எடுக்கும். இரண்டில் ஒன்றில் மட்டும் இருப்பதை யாரோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர், சில டிரைவர்கள் (விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடும் சின்ன நிரல்கள்), ஒரு நிரல் எல்லாம் மறைந்து கிடந்தன. பாதுகாப்பு விஷயத்தில் அவ்வளவு கவனமாக இருக்கிற மனிதர், எங்கிருந்து வந்தது என்று முதலில் அவருக்கே பிடிபடவில்லை.

தோண்டிக்கொண்டே போனபோது ஏரீஸ் என்ற டிரைவர் கிடைத்தது. அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் சிஸ்டம் அழைப்புப் பட்டியலிலேயே கை வைத்து, $சிஸ்$ என்று பெயர் தொடங்குகிற எதையும் கண்ணில் படாமல் செய்துகொண்டிருந்தது. கோப்பு, ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) பதிவு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் என்று எதுவாக இருந்தாலும் சரி. இதை உறுதிப்படுத்திக்கொள்ள அவர் நோட்பேடை ஒரு பிரதி எடுத்து, பெயருக்கு முன்னால் அந்த $சிஸ்$ என்ற ஒட்டைச் சேர்த்தார். சேர்த்ததும் கோப்பு கண்ணை விட்டு மறைந்துவிட்டது. கோப்புகளில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், பிரிட்டனைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட், அவர்கள் செய்த எக்ஸ்சிபி என்ற நகல்தடுப்பு மென்பொருள், கடைசியில் அவர் அமேசானில் வாங்கியிருந்த ஒரு சோனி பிஎம்ஜி சிடி.

பெரிய நிறுவனத்தின் பெட்டியில் வந்தது என்பதாலேயே ஒன்றை நம்பிவிடாதீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் மேலே சொல்லுங்கள்.

சும்மா ஒரு வாசகி எழுதியது:

அண்ணா, எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். பாட்டு சிடி என்றால் அதில் ஒலி மட்டும்தானே இருக்கும்? மியூசிக் பிளேயரில் போட்டால் பாடுகிற அதே வட்டு கம்ப்யூட்டரில் போட்டால் எப்படி மென்பொருளை ஏற்றும்? அப்புறம், நகல் எடுக்கக் கூடாது என்றால் நேராகவே தடுத்துவிட்டுப் போகலாமே, ஒளிந்துகொள்ள என்ன அவசியம்?

நள்ளிரவு நிரலர் எழுதியது:

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒலி சிடிக்கான தரத்தை வகுத்தது ஃபிலிப்ஸும் சோனியும், 1980-ல். சிவப்புப் புத்தகம் என்று சொல்வார்கள். அதில் நகல்தடுப்பு என்ற சமாச்சாரமே கிடையாது. எல்லா பிளேயரிலும் பாட வேண்டும் என்றால் பாட்டைப் பூட்டாமல்தான் எழுதியாக வேண்டும். பூட்டாமல் எழுதினால் கம்ப்யூட்டரும் அதைப் படிக்கும், படித்தால் நகல் எடுக்கும். வட்டில் பூட்டுப் போட வழியில்லை என்பதால் வாங்குகிறவருடைய கம்ப்யூட்டரில் போய் பூட்டுப் போட்டார்கள்.

வட்டில் பாட்டுகளுக்குப் பிறகு வெளி விளிம்புப் பக்கமாக இன்னொரு பகுதி இருக்கும், அதில் கம்ப்யூட்டருக்கான கோப்புகள். சாதாரண சிடி பிளேயர் அந்தப் பகுதியைச் சீண்டாது. விண்டோஸ் மட்டும் ஆட்டோரன் வசதியால், வட்டை உள்ளே தள்ளியதும் அதிலுள்ள நிரலை ஓட்டிவிடும். ஓடியதும் ஓர் ஒப்பந்தம் திரையில் வரும், சம்மதம் என்று அழுத்தினால் சிடி டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு டிரைவர் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு வட்டிலேயே இருக்கும் பிளேயரில் கேட்டால் பாட்டு ஒழுங்காக வரும், வேறு மென்பொருளில் பிரதி எடுக்கப் போனால் இரைச்சலாக வரும். எக்ஸ்சிபி வட்டுகளில் 3 பிரதி வரைதான் அனுமதி.

இப்போது ஒளிதல். இந்தப் பூட்டு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு முதலாளி நீங்கள். பார்த்தால் அழித்துவிடுவீர்கள், பூட்டு போய்விடும். ஆகவே முதலாளியின் கண்ணில் படாமல் இருப்பது அந்த மென்பொருளுக்குப் பிழைப்பு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மனும் எட் ஃபெல்டனும் இதை ஆராய்ந்து ஒரு முழுக் கட்டுரையே எழுதினார்கள். எழுதியவர் கெட்டவரோ நல்லவரோ, ஏற்க விரும்பாதவரின் இயந்திரத்தில் நுழைந்து நிலைக்க வேண்டும் என்று வந்துவிட்டால், உளவு மென்பொருள்காரர்கள் கைக்கொள்ளும் அதே உத்திகளுக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

இத்தனை செய்தும் பூட்டு எவ்வளவு பலவீனம் தெரியுமா? 2003-ல் சன்காம் நிறுவனத்தின் மீடியாமேக்ஸ் நகல்தடுப்பை ஆராய்ந்த இதே ஹால்டர்மன், சிடி போடும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், ஆட்டோரன் ஓடாது, தடுப்பும் ஏறாது என்று எழுதினார். அதற்கு அவர் மேல் வழக்குப் போடுவோம் என்று அந்த நிறுவனம் கிளம்பி, பிறகு பின்வாங்கியது. எக்ஸ்சிபி வட்டில் வெளி விளிம்பில் ஒரு சின்ன ஒட்டுநாடாத் துண்டை ஒட்டினாலே கதை முடிந்தது.

கல்தூண் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களில் இசைத் துறை நகலெடுப்பால் அடிபட்டுக்கொண்டிருந்தது உண்மை. பாடுகிறவர், வாசிக்கிறவர், ஒலிப்பதிவு செய்கிறவர் எல்லாருக்கும் வயிறு இருக்கிறது. என் உறவினர் ஒருவர் ஸ்டூடியோவில் வாசித்துப் பிழைத்தவர், வேலை குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். தன் பொருளைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மறைத்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த மென்பொருள் யாருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லையே. நாம் சொல்கிற அளவுக்கு நிஜமாகவே கெடுதல் நடந்ததா?

பழைய ஒலிநாடா எழுதியது:

கல்தூண் ஐயா, கலைஞருக்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்கு இம்மியும் மாற்றுக் கருத்து இல்லை. நான் இன்றைக்கும் சிடி வாங்குகிறவன். ஆனால் கெடுதல் நடந்தது.

அந்த மறைப்பு, தன் கோப்புகளை மட்டும் மறைக்கவில்லை. $சிஸ்$ என்று பெயர் வைத்தால் போதும், யாருடைய கோப்பாக இருந்தாலும் மறைத்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சுவரில் ஓர் ஓட்டை போட்டு, அதற்குக் கதவும் வைக்காமல் போன மாதிரி. முதலில் அதில் நுழைந்தவர்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்கள். விளையாட்டு நிறுவனத்தின் கண்காணிப்பு நிரலிலிருந்து தப்ப, தங்கள் ஏமாற்று நிரலுக்கு அந்த முன்னொட்டோடு பெயர் வைத்தார்கள். ருஸ்ஸினோவிச் எழுதி 10 நாள்தான் ஆகியிருக்கும், நவம்பர் 10-ஆம் தேதி நல்ல கோப்பு மாதிரி வேஷம் போட்டு வரும் தீய நிரல், நிஜமான ட்ரோஜனே வந்துவிட்டது. ஒரு பிரிட்டிஷ் வணிகப் பத்திரிகையிலிருந்து வந்த மாதிரி மின்னஞ்சல், உங்கள் படத்தை வெளியிடப் போகிறோம், இணைப்பைத் திறந்து சரிபாருங்கள் என்று. திறந்தால் அந்த முன்னொட்டோடு ஒரு கோப்பை விண்டோஸ் ஃபோல்டருக்குள் போட்டுக்கொள்ளும். சிடி கேட்டவருடைய கம்ப்யூட்டராக இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று, அது சும்மாவும் இருக்கவில்லை. பாட்டே கேட்காத நேரத்திலும், ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களையும் 2 விநாடிக்கு ஒருமுறை துழாவிக்கொண்டே இருந்தது. சிடி போடும்போதெல்லாம் அதனுடைய பிளேயர், எந்த ஆல்பம் என்ற அடையாள எண்ணோடு சோனியின் சர்வரைத் தொடர்புகொண்டதையும் ருஸ்ஸினோவிச் காட்டினார். இதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு சோனி பிஎம்ஜியின் டிஜிட்டல் வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் சொன்னதைக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, அப்படியிருக்க அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்றார். படித்த அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. தெரியாதவரை அல்லவா முதலில் காப்பாற்ற வேண்டும்?

நள்ளிரவு நிரலர் எழுதியது:

நீக்கப் போனவர்கள் பட்ட பாட்டையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

விண்டோஸின் நிரல் நீக்கும் பட்டியலில் எக்ஸ்சிபி இருக்கவே இருக்காது. ஒப்பந்தம், மென்பொருள் நீக்கப்படும் வரை கம்ப்யூட்டரில் இருக்கும் என்கிறது, நீக்குகிற வழியைத் தரவில்லை. ருஸ்ஸினோவிச் கையால் அழித்தார், மறுபடி கம்ப்யூட்டரை எழுப்பியபோது சிடி டிரைவையே காணோம். ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவ் இன்னும் அழிந்துபோன டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம். அவருக்கு விஷயம் தெரியும், தேடிச் சரிசெய்துவிட்டார். வேறொரு விளையாட்டு வட்டு, அதன் நகல்தடுப்பை நீக்கப் போய் எனக்கும் ஒருமுறை இதேதான் நடந்தது. மை கம்ப்யூட்டரைத் திறந்தால் வன்தட்டு இருக்கிறது, சிடி டிரைவ் இருந்த இடம் வெறுமை. டிரைவே போய்விட்டது என்று நினைத்து மூடியைக் கழற்றி வயரைப் பிடுங்கிச் செருகி, ஒரு முழு இரவு போயிற்று. ரெஜிஸ்ட்ரியில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்று இரண்டு வரி, அதில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெயரை எடுத்ததும் டிரைவ் திரும்பி வந்தது. அது தெரியாதவர் புது டிரைவ் வாங்கியிருப்பார், அதையும் விண்டோஸ் காட்டியிருக்காது.

சரி, நிறுவனத்திடமே கேட்டு நீக்கலாம் என்றால் படிவம் நிரப்ப வேண்டும், மின்னஞ்சல் முகவரி தர வேண்டும், காத்திருந்து மறுபடி ஒரு படிவம். கடைசியில் வந்த நீக்கும் கருவியோ நோயைவிட மோசம். அது இணைய உலாவியில் ஆக்டிவ்எக்ஸ் என்ற வகையில் ஒரு நிரல் துண்டை நிறுவியது. வேலை முடிந்ததும் அதை எடுக்கவில்லை. அந்தத் துண்டுக்கு, யார் கட்டளை கொடுக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கமே இல்லை. நீங்கள் போகிற எந்த வலைப்பக்கமும் அதைக் கூப்பிட்டு, இந்த நிரலை இறக்கு, ஓட்டு என்று சொல்லலாம். மாட்டி நிக்கி என்ற ஃபின்லாந்துக்காரரும் ஃபெல்டன், ஹால்டர்மன் இருவரும் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். ரூட்கிட் இருந்தபோது இன்னொரு தீய நிரல் உள்ளே வந்தால்தான் ஆபத்து. நீக்கிய பிறகு ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும் என்றாகிவிட்டது.

சும்மா ஒரு வாசகி எழுதியது:

படிக்கப் படிக்கப் பதறுகிறது. சம்மதம் என்று அழுத்தினால்தானே ஏறும் என்றீர்கள், அழுத்தாமல் சிடியை வெளியே எடுத்தவர்கள் தப்பித்தார்களா? அந்த ஒப்பந்தத்தை யாராவது முழுசாகப் படித்துப் பார்த்தார்களா?

பழைய ஒலிநாடா எழுதியது:

எக்ஸ்சிபியில் தப்பித்தார்கள். சன்காமின் மீடியாமேக்ஸ் சோனி பிஎம்ஜி சிடிகளில் வந்த இன்னொரு தடுப்பு, அதில் தப்பிக்கவில்லை. ஒப்பந்தம் திரையில் தோன்றும் முன்பே 12 எம்பிக்கு மேல் கோப்புகள் வன்தட்டில் இறங்கிவிடும், வேண்டாம் என்று அழுத்தினாலும் அவை அங்கேயே கிடக்கும். அதன் 5-ஆம் பதிப்பு கோப்புகளை வைத்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்ற அனுமதி. வெறும் விருந்தினர் கணக்கில் நுழைந்தவர்கூட அங்கே தன் நிரலை வைத்துவிட்டுப் போகலாம், அடுத்து நிர்வாகி உட்கார்ந்து சிடி போடும்போது அது அவருடைய அதிகாரத்தோடு ஓடும். 2005 டிசம்பரில் இந்த ஓட்டையை அடைக்க ஒரு பேட்ச் வந்தது, அந்த பேட்சிலும் ஓட்டை.

ஒப்பந்தத்தைப் படித்தது அமெரிக்காவின் மின்னணு உரிமை அமைப்பான இஎஃப்எஃப். வீட்டில் திருடு போய் சிடி தொலைந்தால், கம்ப்யூட்டரில் உள்ள பிரதியையும் அழித்துவிட வேண்டுமாம். திவாலானாலும் அழிக்க வேண்டுமாம். நிறுவனத்தால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் தருகிற அதிகபட்சத் தொகை 5 டாலர்.

கல்தூண் எழுதியது:

நீக்கும் கருவி விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வெட்கமாக இருக்கிறது, என் முந்தைய பதிவில் கெடுதல் நடந்ததா என்று கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நடவடிக்கை நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள், வழக்கிலும் சமரசம் ஆனது.

நள்ளிரவு நிரலர் எழுதியது:

நன்றி ஐயா, மனசார.

ஆமாம், நவம்பர் நடுவில் திரும்பப் பெற்றார்கள். எக்ஸ்சிபி போட்ட 52 ஆல்பங்கள், அடித்தது ஏறக்குறைய 47 லட்சம் வட்டுகள், அதற்குள் 21 லட்சம் விற்றுவிட்டன. எவ்வளவு தூரம் பரவியது என்று பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி ஒரு சாமர்த்தியமான வழியில் அளந்தார். அந்த மென்பொருள் தொடர்புகொள்ளும் முகவரிகளை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று உலகம் முழுக்க உள்ள டிஎன்எஸ் சர்வர்களின் (இணையப் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்பவை) நினைவில் தேடினார். 5,68,200 சர்வர்களில் தடயம் இருந்தது. கவனியுங்கள், இது சர்வர்களின் எண்ணிக்கை. ஒரு சர்வருக்குப் பின்னால் எத்தனை கம்ப்யூட்டர் என்பது வேறு கணக்கு.

டெக்சாஸ் மாநிலம் நவம்பர் 21-ல் வழக்குப் போட்டது. வாங்கியவர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் 2006 மே மாதம் சமரசம் இறுதியானது: வட்டைக் கொடுத்தால் தடுப்பு இல்லாத வட்டு, கூடவே 7.50 டாலரும் ஓர் ஆல்பமும், அல்லது பணத்துக்குப் பதிலாக 3 ஆல்பம். 2007 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, கம்ப்யூட்டர் கெட்டுப் பழுதுபார்த்தவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்க வைத்தது.

இரண்டாம் நகல் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதில் யாரும் தொடாத ஓர் இடம், என்னை அதிகம் உறுத்துவது. அத்தனை ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் என்ன செய்துகொண்டிருந்தன? மாதக்கணக்கில் லட்சக்கணக்கான இயந்திரங்களில் கெர்னலில் கை வைத்த ஒரு மென்பொருள். பின்லாந்தின் எஃப்-செக்யூர் அக்டோபரிலேயே சோனி பிஎம்ஜிக்குத் தெரியப்படுத்தியிருந்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை. மற்றவை விஷயம் வெடித்த பிறகுதான் அசைந்தன. அப்போதும் சில, மறைப்பை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தொடவில்லை. அன்றைக்குக் கணினிப் பாதுகாப்பு நிபுணர் ப்ரூஸ் ஷ்னையர் இதைத்தான் கேட்டார். எழுதியவர் பெயர் தெரியாத பையனாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே வைரஸ் பட்டியலில் ஏற்றியிருப்பார்கள். பெரிய இடம் என்றதும் தயங்கியவர்கள் யாருக்குக் காவல் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

ஃபெல்டனும் ஹால்டர்மனும் சில குறைகளை ருஸ்ஸினோவிச்சுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே அறிந்திருந்தார்கள். நகல்தடுப்பை ஆராய்ந்தால் அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற காப்புரிமைச் சட்டம் பாயுமோ என்று வக்கீல்களிடம் பேசிக்கொண்டிருந்ததில் அந்த மாதம் போயிற்று. அந்த மாதத்தில் எத்தனை பேர் அந்த வட்டை வாங்கியிருப்பார்கள்! 2006 நவம்பரில் இத்தகைய சிடிகளை ஆராய அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள், அவர்கள் இருவரும் போராடிப் பெற்றது அது.

பழைய விஷயம் என்று ஒதுக்காதீர்கள். 2016-ல் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டுக்கு ஏமாற்றுத் தடுப்பு என்று ஒரு டிரைவர் அனுப்பியது. கம்ப்யூட்டரில் உள்ள எந்த நிரலும் அதைப் பிடித்துக் கெர்னலுக்குள் போகலாம் என்றிருந்தது, உடனே திரும்பப் பெற்றார்கள். 2022-ல் ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் தூக்கிக்கொண்டு போய், அந்த விளையாட்டே இல்லாத இயந்திரங்களில் வைத்து, ஆன்டிவைரஸை நிறுத்தப் பயன்படுத்தியது. ஒருவர் தன் பொருளைக் காக்க வெட்டிய சுரங்கத்தில் வேறொருவர் வருகிறார். 2005-ல் நடந்ததும் இதேதான்.

பழைய ஒலிநாடா எழுதியது:

நல்ல பதிவு. அந்த நவம்பரில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஸ்டூவர்ட் பேக்கர் ஒரு கூட்டத்தில் சொன்னது இங்கே பொருந்தும். அது உங்கள் அறிவுசார் சொத்துதான், ஆனால் அது உங்கள் கம்ப்யூட்டர் இல்லை என்றார். திருட்டுப் பிரதியை ஒழிப்பது பற்றிப் பேசக் கூடிய கூட்டத்திலேயே இதைச் சொன்னார். கலைஞரின் கூலி பற்றிக் கல்தூண் ஐயா சொன்னதையும் இந்த வாக்கியத்தையும் சேர்த்து ஒருவரால் நம்ப முடியும், நான் நம்புகிறேன்.

சும்மா ஒரு வாசகி எழுதியது:

வீட்டில் பரணில் ஒரு பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த வருஷங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த சிடிகளை அதில்தான் கேட்போம். அதில் உள்ள படங்களை எடுக்க வேண்டும், பென்டிரைவ் செருகப் பயமாக இருக்கிறது. ரூட்கிட் ரிவீலர் எல்லாம் எனக்குக் கைவராது. வேறு வழி உண்டா?

நள்ளிரவு நிரலர் எழுதியது:

இருக்கிறதும்மா. ருஸ்ஸினோவிச் செய்ததையே செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு வெற்று நோட்பேட் கோப்பு உண்டாக்கி, பெயரின் தொடக்கத்தில் டாலர் குறி, சிஸ் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகள் (sys), மறுபடி டாலர் குறி, இப்படி இடைவெளி இல்லாமல் சேர்த்து எண்டர் தட்டுங்கள். கோப்பு மறைந்தால் அந்த மறைப்பு அங்கே உயிரோடு இருக்கிறது, எதையும் செருகாமல் இங்கே வந்து எழுதுங்கள். மறையாவிட்டால் இந்த ஒரு ரூட்கிட் இல்லை என்று மட்டும் அர்த்தம், வேறு வைரஸ் இருக்கலாம். அதனால் எப்படியிருந்தாலும் பென்டிரைவை வேறு கம்ப்யூட்டரில் திறக்கும் முன் சோதியுங்கள்.

சும்மா ஒரு வாசகி எழுதியது:

இறக்கி, தூசி தட்டி, ஒருவழியாக எழுப்பிவிட்டேன். பெயரை மாற்றி எண்டர் தட்டும்போது கை நடுங்கியது. கோப்பு போகவில்லை, டாலர் குறிகளோடு டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறது. படங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.